ஏழாம் இலக்கப் பாதையால் கடலுக்கு

சென்ற மார்ச் மாதத்தில் ஆறு நாட்கள், ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம், ஒரு மனிதரின் முதுகைப் பார்த்தபடி பயணம் செய்தேன். வியட்நாமின் மலைநாட்டு நகரமான டலாட்டில் தொடங்கி, கோப்பித் தோட்டங்களையும் றப்பர்க் காடுகளையும் கடந்து கடற்கரைக்கு இறங்கி, கரையோரமாகவே வடக்கு நோக்கிச் சென்று, ஹாய் வான் கணவாயில் முடிந்த பயணம் அது. வாகனம் ஒரு ஹொண்டா மோட்டார் சைக்கிள். ஓட்டியவர் ஐம்பத்தேழு வயதான வழிகாட்டி. நான் பின் இருக்கையில்.

பாரிசுக்கு வந்த புதிதில் நான் பாத்திரம் கழுவிய உணவகத்தின் உரிமையாளர் ஒரு வியட்நாமியப் பெண்மணி. 1979 இல் படகேறியவர். தமது நாட்டைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த செய்தியைச் சொல்லச் சென்ற நாளில் மட்டும், "இனி நீ எங்கும் போகலாம். எங்கள் நாட்டைப் போய்ப் பார். பேருந்தில் போகாதே, மோட்டார் சைக்கிளில் போ" என்றார். அதுவரை என்னிடமிருந்த அகதிப் பயணப்பத்திரத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லலாம் என்று அச்சிட்டிருந்தது. இப்பத்தியை வாசிப்போரில் பலர் அந்த வரியை மனப்பாடமாக அறிவர்.

வியட்நாமில் பதிவு செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் ஏழு கோடிக்கும் மேல். அந்நாட்டில் ஹொண்டா என்பது ஒரு நிறுவனத்தின் பெயராக நிற்காமல், அவ்வகை ஊர்தி அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. 1960களின் பிற்பகுதியில், போர் உச்சத்திலிருந்தபோது, தென்வியட்நாமில் பல்லாயிரக்கணக்கில் வந்திறங்கிய சிறிய ஹொண்டாக்களே அதற்குக் காரணம். யாழ்ப்பாணத்தில் எம் தந்தையர் ஓட்டியவையும் பெரும்பாலும் அதே குடும்பத்து வண்டிகள்தாம். பணத்துக்கு ஆள் ஏற்றும் மோட்டார் சைக்கிளுக்கு வியட்நாமியர் இட்ட பெயர் 'ஸே ஓம்'. கட்டிப்பிடிக்கும் வண்டி என்பது அதன் பொருள். பின்னாலிருப்பவர் ஓட்டுநரைக் கட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால் வந்த பெயர். நகைச்சுவையும் நேர்மையும் ஒருங்கே உள்ள பெயர் என்று எனக்குத் தோன்றியது.

டலாட் நகரின் வழிகாட்டிகள் இந்த ஸே ஓம் தொழிலிலிருந்தே வந்தவர்கள். 1986 இல் 'தோய் மோய்' எனப்படும் பொருளாதாரச் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் முதுகுப்பையுடன் மேலைநாட்டு இளைஞர் வரத் தொடங்கியபோது, அவர்களோடு ஆங்கிலத்தில் பேசக்கூடியவர்கள் அந்நகரில் யாரென்று பார்த்தால், தோற்றுப்போன தென்வியட்நாமின் பழைய படையினரும் அலுவலர்களும்தான். சீர்திருத்த முகாம்களிலிருந்து திரும்பி, அரசுத் தொழில் மறுக்கப்பட்டு, மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைத்தவர்கள். ஒருநாள் நகரைச் சுற்றிக் காட்டியவர்கள் பின்னர் மூன்று நாள், ஐந்து நாள் எனக் கடல்வரை கொண்டு சென்றார்கள். 1969 இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்தின் பெயரைக் கொண்டு தம்மை 'ஈசி ரைடர்' என்று அழைத்துக்கொண்டார்கள். இன்று அப்பெயரை மேற்சட்டையில் அச்சிட்டுக்கொள்ளாத வழிகாட்டி டலாட்டில் அரிது. முதல் தலைமுறையினர் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டனர். என்னை ஏற்றிச் சென்றவர் அவர்களில் ஒருவரின் மகன்.

தம்மிலும் மூத்த ஆணை 'ஆன்' என்று அழைப்பது வியட்நாமிய வழக்கு. எங்கள் 'அண்ணை'க்குச் சற்றேறக்குறையச் சமம். அம்மொழியில் 'நீர்', 'நீங்கள்' என்று பொதுவாக விளிக்கும் சொல் பெரிதாகப் புழங்குவதில்லை. எதிரிலிருப்பவர் அண்ணனா, தம்பியா, மாமனா என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். ஆகவே அவரை ஆன் என்றேன். நான் முன்பு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாக இருந்தவன் என்று அறிந்ததும் அவர் என்னைத் தம்பி என்று அழைக்க மறுத்துவிட்டார். 'தை' என்றே அழைத்தார். ஆசிரியர் என்பது அதன் பொருள். அச்சொல்லால் என்னை எவரும் அழைத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன.

மலைநாடு

டலாட் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்திலுள்ளது. 1893 இல் அலெக்சாண்டர் யெர்சன் என்ற மருத்துவர் இந்தப் பீடபூமியை அடைந்தார். பின்னர், வெப்பம் தாளாத பிரெஞ்சுக்காரர் இளைப்பாற ஒரு நகரை இங்கே எழுப்பினர். நுவரெலியாவைக் கண்டவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதே பைன் மரங்கள், அதே ஏரி, அதே கோவாவும் கரட்டும் ஸ்ட்ரோபெரியும். ஆட்சியாளர் இங்கே பிரெஞ்சுக்காரர், அங்கே ஆங்கிலேயர் என்பதுதான் வேறுபாடு.

நகரைவிட்டு இறங்கி 27ஆம் இலக்க நெடுஞ்சாலையைப் பிடித்து லாக் ஏரி வரை முதல்நாள் ஓட்டம். மார்ச்சில் கோப்பி பூக்கிறது. பூக்கும் நாட்கள் சொற்பம். அந்நாட்களில் செடியின் ஒவ்வொரு கிளையும் வெண்சரம் சுற்றியது போலாகிவிடும். வாசனை ஏறத்தாழ மல்லிகை. மகிழுந்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்பவனுக்கு அது ஒரு வெள்ளைத் தோட்டம் மட்டுமே. மோட்டார் சைக்கிளில் செல்பவன் ஒரு வளைவில் வாசனைக்குள் நுழைந்து மறு வளைவில் வெளியேறுகிறான். உலரப் போட்ட மரவள்ளிச் சீவல், எருமைச் சாணம், புதிதாக உருக்கிய தார், மீன் குழம்பு என வழிநெடுக நாசி வேலை செய்துகொண்டே இருந்தது.

இத்தகைய பயணங்களில் எனக்குப் பிடிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மரநாய் தின்று கழித்த கோப்பிக்கொட்டை உலகிலேயே விலை உயர்ந்தது என்று கூறி, கம்பிக்கூட்டில் அடைபட்ட பிராணிகளின் முன் பயணிகளை நிறுத்துகிறார்கள். என்னையும் நிறுத்தினார்கள். நான் பச்சைத்தேநீர் குடித்தேன். அடுத்தது மலைக்குடிகளின் கிராமங்கள். முனோங், எடே, ஜராய் மக்களின் நீண்ட வீடுகளுக்குள் அனுமதி கேளாமலே நுழைந்து, சமைத்துக்கொண்டிருக்கும் மூதாட்டியைப் படம் எடுப்பவர்களைக் கண்டேன். இம்மலைகள் ஒரு காலத்தில் அம்மக்களுடையவை. போருக்குப் பின் சமவெளியிலிருந்து பெருந்தொகையானோர் குடியேற்றப்பட்டு, காடு கோப்பியாகவும் றப்பராகவும் மாறியது. 2001 இலும் 2004 இலும் நிலத்துக்காகவும் வழிபாட்டுரிமைக்காகவும் மலைக்குடிகள் கிளர்ந்தபோது அரசு கடுமையாக ஒடுக்கியது. பலர் எல்லைதாண்டிக் கம்போடியாவில் அகதிகளாயினர். இதுபற்றி ஆனிடம் கேட்டேன். "வளைவு வருகிறது, தை. பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். வளைவு வரத்தான் செய்தது. அவரும் சமவெளி இனத்தவர், குடியேறியவரின் மகன் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் புவோன் மா துவொட் நகரைக் கடந்து, கோப்பியும் மிளகுமாக நீளும் செம்மண் பூமியால் வடக்கே பிளைக்கு வரை சென்றோம். நீண்ட ஓட்டம். சொல்லத் தகுந்தது முதுகுவலி ஒன்றே. பின்னிருப்பவர் கால் நீட்ட இயலாது என்பதால் ஒன்றரை மணிக்கொரு தடவை நிறுத்துவது ஆனின் வழக்கம். நிறுத்துமிடமெல்லாம் ஊஞ்சற்படுக்கை கட்டிய தேநீர்க்கடைகள். ஐந்து நிமிடம் படுத்தெழும்பினால் உடம்பு மீளும்.

ஏழாம் இலக்கப் பாதை

மூன்றாம் நாளுக்கான நிகழ்ச்சி நிரலில் 'நாட்டுப்புறக் காட்சிகள், ஆற்றோரம், கரும்பு வயல்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது. பிளைக்குவிலிருந்து தெற்கே வந்து, சூ ஸே என்னுமிடத்தில் கிழக்கே திரும்பினால், மலையிலிருந்து கடலோரத்துத் துய் ஹோவா நகருக்கு இறங்கும் 25ஆம் இலக்க நெடுஞ்சாலை வரும். பழைய வரைபடங்களில் அதன் பெயர் ஏழாம் இலக்கப் பாதை.

1975 மார்ச் 10ஆம் நாள் வடவியட்நாமியப் படைகள் புவோன் மா துவொட் நகரைத் தாக்கின. மார்ச் 14ஆம் நாள் தென்வியட்நாமின் அதிபர் நுயென் வான் தியூ, பிளைக்குவையும் கொன் தூமையும் கைவிட்டுப் படைகளைக் கடற்கரைக்கு இறக்குமாறு தம் தளபதியருக்கு உத்தரவிட்டார். ஏனைய வழிகள் எதிரியின் பிடியிலிருந்தமையால், நெடுங்காலம் கைவிடப்பட்டுப் பாலங்கள் உடைந்து காடேறிக் கிடந்த ஏழாம் இலக்கப் பாதை தெரிந்தெடுக்கப்பட்டது. பொதுமக்களுக்கு எவரும் எதுவும் அறிவிக்கவில்லை. படையினர் மூட்டை கட்டுவதைக் கண்டு மக்கள் தாமாகவே புறப்பட்டனர். படையினர் சுமார் 60,000 பேரும் மக்கள் சுமார் இரண்டு இலட்சம் பேரும் அந்த ஒற்றைப் பாதையில் இறங்கினர் என்பது பொதுவான மதிப்பீடு. சியோ ரியோ என்ற சிற்றூரில் பாதை அடைபட்டது. எறிகணைகள் விழுந்தன. தென்வியட்நாமின் விமானங்களே தவறுதலாகத் தம் அணிமீது குண்டு வீசிய சம்பவமும் நடந்தது. கடலை அடைந்தவர்கள் படையினரில் மூன்றிலொரு பங்கு, மக்களிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு என்று எழுதுகிறார்கள். கண்ணீர் அணி என்று அன்றைய செய்தியாளர்கள் அதற்குப் பெயரிட்டனர்.

இவ்வளவும் நான் நூல்களில் வாசித்தறிந்தவை. ஆன் அறிந்தது வேறுவிதம். அப்போது அவருக்கு ஏழு வயது.

இன்று அது நல்ல தார்ப்பாதை. மலையிலிருந்து வளைந்து இறங்கியதும் வெப்பம் முகத்திலறைகிறது. பா ஆறு வலப்புறமும் இடப்புறமுமாக மாறிமாறித் துணைவருகிறது. மார்ச்சில் அதில் நீரைவிட மணலே அதிகம். புகையிலை, முந்திரி, மரவள்ளி, பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. சோன் ஹோவா என்னுமிடத்திலுள்ள சர்க்கரை ஆலை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம் நிறுவியது என்று அறிந்து வியந்தேன். சியோ ரியோவுக்கு இப்போது ஆயுன் பா என்று பெயர். அங்கே 1975 இன் வெற்றியைக் குறிக்கும் நினைவிடம் உண்டு. நடந்து வந்து மடிந்த மக்களுக்கு ஒரு கல்லையேனும் அப்பாதையில் நான் காணவில்லை.

ஆயுன் பாவைக் கடந்து வெகுதூரம் சென்றபின், ஒரு கிலோமீற்றர்க் கல்லருகே ஆன் வண்டியை நிறுத்தினார். அந்நாட்டு நெடுஞ்சாலைக் கற்களுக்குத் தலை சிவப்பு, உடல் வெள்ளை. வீதியோரம் ஒரு சிறு மாடம் இருந்தது. விபத்தில் இறந்தவர்களுக்காக வழிநெடுக அத்தகைய மாடங்களைக் காணலாம். பையிலிருந்து மூன்று ஊதுபத்திகளை எடுத்துக் கொளுத்தி மாடத்தில் குத்திவிட்டு, ஒரு நிமிடம் கைகூப்பி நின்றார். பிறகு எதுவும் நடக்காதது போலத் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார்.

"பயணிகள் கேட்டால், பாதையின் தெய்வத்துக்கு என்று சொல்வேன்" என்றார்.

நான் பயணி என்ற முறையில் கேட்கவில்லை. எனினும் சிறிது நேரத்தில் அவரே சொன்னார்.

அவரது தந்தை பிளைக்குவில் படைப் போக்குவரத்துப் பிரிவில் இரண்டாம் நிலை லெப்டினன்ட். தாய், பதினொரு வயது அண்ணன், இவர், இரண்டு வயதுத் தங்கை ஆகியோரை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சியோ ரியோவுக்கு அப்பால் லொறி நகரவில்லை. இறங்கிக் காட்டுக்குள்ளால் நடந்தார்கள். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. தங்கைக்குக் காய்ச்சல். ஆற்றங்கரையில் அவள் இறந்தாள். தந்தை தலைக்கவசத்தால் மணலைத் தோண்டினார். ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு மேலே நடந்தார்கள்.

1983 இல் தந்தையும் இவரும் அந்த மரத்தைத் தேடி வந்தார்கள். ஆறு இடம் மாறியிருந்தது. மரங்கள் பல இருந்தன. பின்னர் மரங்களும் போய்க் கரும்பு வந்தது. இந்தக் கல் இருக்குமிடம் உத்தேசமானது. மாடம் வேறு யாருக்காகவோ வேறு யாரோ கட்டியது.

"பயணிகளிடம் ஏன் சொல்வதில்லை?" என்றேன்.

"சொன்னால் படம் எடுப்பார்கள். நல்லவர்கள்தான். எடுப்பார்கள்."

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களுக்கு இதற்குமேல் நான் எதையும் விளக்கத் தேவையில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. பெற்றோல் தடைப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில், சில துளிப் பெற்றோலை விட்டுத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடிய எங்கள் ஹொண்டாவை, அந்த இரவு அப்பா ஓட்டவில்லை. ஓட்ட இடமிருக்கவில்லை. பின் இருக்கையில் அரிசிமூட்டையும் பாட்டியின் பெட்டியும். நான் பெட்டி விழாமல் பிடித்தபடி பின்னால் நடந்தேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கையில் மழை. அப்பாவின் முதுகு ஒன்றே கண்ணுக்குத் தெரிந்தது. கரும்பு வயலோரம் நின்று இதை ஆனுக்குச் சொன்னேன். சனத்தொகை எவ்வளவு, பாலம் எவ்வளவு அகலம், மழை எப்போது தொடங்கியது என்று தொழில்முறை வழிகாட்டிக்குரிய கேள்விகளைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு ஏறிக்கொண்டோம்.

நான்கு மாதங்கள்

அன்றிரவு துய் ஹோவாவில் கடலைப் பார்த்த ஒரு கொட்டிலில் மட்டியும் சோறும் உண்டோம். மிச்சக் கதையை அங்குதான் சொன்னார்.

தந்தை சீர்திருத்த முகாமுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் இருந்தார். விடுதலையானபின் குடும்பம் டலாட்டில் உறவினர் ஒருவரின் மரக்கறித் தோட்டத்தில் ஒதுங்கியது. 1981 இல் அண்ணன் படகேறினான். அப்போது அவனுக்குப் பதினேழு. 1975 முதல் 1995 வரை கடல்வழியே வெளியேறி உயிருடன் கரைசேர்ந்த வியட்நாமியர் ஏறத்தாழ எட்டு இலட்சம் என்பது ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் கணக்கு. அண்ணன் அவர்களில் ஒருவன். பிலிப்பைன்சின் பலவான் தீவு முகாமில் சிலகாலம் இருந்து கனடா சென்றான்.

தந்தையிடம் பழைய ஆங்கில அகராதி ஒன்று எஞ்சியிருந்தது. தோட்ட வேலை முடிந்து விளக்கு வெளிச்சத்தில் இளைய மகனுக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1986 இல் மகன் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு எழுதினார். புள்ளிகள் போதுமானவை. ஆனால் விண்ணப்பத்தோடு 'லீ லிச்' என்னும் குடும்ப வரலாற்றுப் பத்திரம் செல்ல வேண்டும். தந்தை பழைய படையின் அதிகாரி, அண்ணன் நாட்டைவிட்டு ஓடியவன். கதவு திறக்கவில்லை. புள்ளிகளுக்கு அப்பாலுள்ள கணக்குகளால் பல்கலைக்கழக வாயிலில் நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதை எம்மவருக்குச் சொல்ல வேண்டுமா? நான் கற்பித்த மண்டபங்களில், எனக்கு முன் ஒரு தலைமுறை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

1989 இல் அமெரிக்காவும் வியட்நாமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சீர்திருத்த முகாமில் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்தவர்கள் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறலாம். மக்கள் அதை எச்.ஓ. திட்டம் என்றழைத்தனர். பல்லாயிரம் குடும்பங்கள் அதன்வழி சென்றன. தந்தையும் தாயும் சைகோனுக்குப் போய் விண்ணப்பித்தார்கள். விடுதலைப் பத்திரத்தில் உள்ளே சென்ற திகதியும் வெளியே வந்த திகதியும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. நான்கு மாதங்கள் குறைவு.

"நன்னடத்தைக்காக முன்னதாக விட்டார்கள்" என்று சொல்லி ஆன் சிரித்தார். "அப்பா வாழ்நாள் முழுவதும் சொல்வார்: ஒரு தடவை காவலாளியை எதிர்த்துப் பேசியிருந்தால் நீங்கள் கலிபோர்னியாவில் படித்திருப்பீர்கள் என்று."

அகதி அலுவலகமொன்றின் மேசைக்கு முன் நான் அமர்ந்திருந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. எத்தனையாம் திகதி, எத்தனை மணி, எத்தனை நாட்கள், சாட்சி யார், பத்திரம் எங்கே. துன்பத்துக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அதன் எந்தக் கோட்டில் நாம் நிற்கிறோம் என்பது நாம் துன்புற்ற வேளையில் தெரிவதில்லை. இதை வாசிக்கும்போது நேர்முக அழைப்புக் கடிதத்தைக் காத்திருப்பவர் எவரேனும் இருந்தால், ஒன்று சொல்கிறேன். பத்திரங்களைப் பத்திரப்படுத்துங்கள். திகதிகளை எழுதி வையுங்கள்.

சைகோனில் விண்ணப்பித்த அன்று தாய் அங்குள்ள ஓர் இந்தியக் கோயிலுக்குச் சென்று கல்லில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டாராம். பெயர் கேட்டேன். பா மாரியம்மன் என்றார். செட்டியார்களும் ஏனைய தமிழரும் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் எழுப்பிய கோயில் அது. 1975 க்குப் பின் அவர்களும் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். இன்று அங்கு வழிபடுவோர் பெரும்பாலும் வியட்நாமியரே. தமிழர் என்ற பெயரை அதுவரை கேள்விப்பட்டிராத ஆனுக்கு, அக்கோயிலைக் கட்டியவர்களின் மொழிதான் என் மொழி என்றேன். சற்று யோசித்துவிட்டு, "உங்கள் அம்மன் நான்கு மாதத்தைக் கவனிக்கவில்லை" என்றார்.

கரையோரம்

நான்காம் நாள் கடல். துய் ஹோவாவுக்கு வடக்கே கான் டா டியா என்ற இடத்தில், எரிமலைக் குழம்பு கடலில் இறங்கி ஆறியபோது உருவான கருங்கற்றூண்கள் தேன்கூட்டு அறைகள் போல அலைவாயில் அடுக்கி நிற்கின்றன. அயர்லாந்தின் வடகரையிலுள்ள அதுபோன்ற பாறைகளைப் படத்தில் கண்டிருப்பீர்கள். மேலும் வடக்கே சோங் காவ் குடாவில் கடல்மீது மிதக்கும் நூற்றுக்கணக்கான கூடுகளில் சிங்க இறால் வளர்க்கிறார்கள். மீனவர் கரையேறுவது மூங்கிலால் பின்னிய வட்டப் பரிசல்களில். ஒற்றைத் துடுப்பால் வட்டப் படகை நேராகச் செலுத்துவது எப்படியென்று அரைமணி நேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இந்தக் குடாவிலிருந்துதான் அண்ணன் படகேறினான். 1999 இல் அவன் கனடாவிலிருந்து முதன்முறையாக வந்தபோது, பயணிகளைக் கொண்டு செல்வது போலவே டலாட்டிலிருந்து இதே வழியாகத் தம்பி அவனை ஏற்றி வந்தார். தங்கைக்கு ஊதுபத்தி வைத்தார்கள். குடாவுக்கு வந்ததும் அண்ணனுக்குத் தான் ஏறிய இடம் தெரியவில்லை. அன்று இருட்டு, இன்று இறால் கூடுகள். பின்னாலிருந்தபடி, "இன்னும் எவ்வளவு தூரம்? எங்கே சாப்பிடுவோம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். "எல்லாப் பயணிகளும் அதைத்தான் கேட்பார்கள், தை." பயணம் முடிந்ததும் அண்ணன் நாட்கூலி கணக்கிட்டு டொலர்களை நீட்டினான். இவர் வாங்கவில்லை. அண்ணன் சென்றபின் பார்த்தால், வீட்டு வழிபாட்டு மாடத்தில் தாத்தாவின் படத்துக்குக் கீழே அந்தப் பணம் இருந்தது. ஆறு நாட்களுக்கும் சரியான கூலி, மேலதிகமாக ஒரு சதமும் இல்லை. அந்தச் சரியான கணக்குத்தான் இன்றுவரை தம்மை உறுத்துகிறது என்றார்.

குய் நோனிலிருந்து ஹோய் ஆன் வரை ஐந்தாம் நாள் ஓட்டம் நெடியது. வழிநெடுகக் குன்றுகளில் செங்கற்கோபுரங்கள் தென்படுகின்றன. சம்பா இராச்சியத்தவர் சிவனுக்கும் தேவிக்கும் எழுப்பியவை. சோழர் இங்கு வந்து ஆண்டதற்குச் சான்று என்று எம்மவர் கூட்டங்களில் சிலர் முழங்குவதுண்டு. அதற்கு ஆதாரமில்லை. சமஸ்கிருதத்தையும் சைவத்தையும் ஏற்றுத் தம்வயமாக்கிக்கொண்டவர்கள் சாம் மக்கள். தலைநகர் விஜயா 1471 இல் வியட்நாமியரிடம் வீழ்ந்தது. எஞ்சிய சிற்றரசும் 1832 இல் இல்லாதொழிந்தது. இழந்த நாட்டின் கோயிலை இன்னொருவரின் பெருமைக்குப் பட்டயமாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

சோன் மி கிராமத்தில் அரைநாள் நின்றோம். 1968 மார்ச் 16ஆம் நாள் அமெரிக்கப் படையினர் கொன்ற 504 பேரின் பெயரும் வயதும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. மை லாய் என்ற பெயரால் உலகம் அறிந்த இடம் அது. ஒன்று, இரண்டு என்ற வயதுகளை வாசித்துக்கொண்டு சென்றேன். ஆன் உள்ளே வரவில்லை. வாயிலில் வண்டிக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

கடைசி நாள் ஹாய் வான். கடல் முகில் என்று பொருள். டா நாங் நகருக்கு வடக்கே மலை நேராகக் கடலுக்குள் இறங்குமிடத்தில் வளைந்து வளைந்து ஏறும் 21 கிலோமீற்றர்ப் பாதை. உச்சி 496 மீற்றர். ஒரு காலத்தில் வியட்நாமுக்கும் சம்பாவுக்கும் எல்லை. உச்சியில் 1826 இல் மின் மாங் பேரரசர் கட்டிய வாயிலும், அதனையொட்டிப் பிரெஞ்சுக்காரரும் பின்னர் அமெரிக்கரும் பயன்படுத்திய காவலரண்களும் குண்டுத்தழும்புகளுடன் நிற்கின்றன. 2005 இல் மலைக்கடியில் ஆறு கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் பேருந்துகளும் லொறிகளும் அதற்குள் இறங்கிவிட்டன. சுரங்கத்தினுள் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதியில்லை. அதனால் உலகின் அழகான வீதிகளில் ஒன்று மோட்டார் சைக்கிளுக்கென்றே விடப்பட்டது போலாயிற்று. தெற்கே வெயில், வடக்கே முகில். உச்சியைக் கடந்த மறுகணம் சட்டை நனைந்தது.

முகில் விலகுமட்டும் ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கினோம். உங்கள் ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போனால் எந்தப் பாதை என்று ஆன் கேட்டார். பற்றுச்சீட்டின் பின்புறத்தில் கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி, நாவற்குழிப் பாலம், யாழ்ப்பாணம் என்று கோடு கிழித்துக் காட்டினேன். பாலத்திலிருந்து நகருக்கு எவ்வளவு தூரம் என்றார். ஆறேழு கிலோமீற்றர் என்றேன். அன்றிரவு அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்றார். விடியும்வரை என்றேன்.

"நல்ல பாதை என்றால் பத்து நிமிடம்" என்று கணக்குப் பார்த்துச் சொன்னார். பற்றுச்சீட்டை மடித்துத் தம் மேற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முகில் விலகவில்லை. அவருக்கு அன்று மாலைக்குள் திரும்பிப் புறப்பட வேண்டியிருந்தது. டலாட்டில் மறுவாரம் ஒரு ஜேர்மன் தம்பதி காத்திருந்தனர். தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன்.